பிரேசிலுக்குப் போட்ட பூ

தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை கால்பந்து நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்த நாட்களில் என் மாமாவின் தலையெழுத்து என் கையில் இருந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கீரப்பாளையத்துக்கும் சிதம்பரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். அத்தை தன் நகைகளைப் போட்டு வாங்கிக் கொடுத்த வண்டி. அவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. சிதம்பரத்தில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடையில் கால்பந்துக்குப் பந்தயம் கட்டினார்கள். மாமாவும் போய்ச் சேர்ந்துகொண்டார். ஒரு அணியில் எத்தனை பேர் என்றுகூட அவருக்குத் தெரியாது. அதனால் பிள்ளையாரைக் கேட்டார்.

சம்பந்தம் பேசலாமா, நிலம் வாங்கலாமா என்று குழப்பம் வந்தால் எங்கள் பக்கம் கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம் என்று அர்த்தம். குழந்தைக்குக் கள்ளம் தெரியாதாம். எனக்கு நன்றாகவே தெரிந்தது. மாமா வெள்ளைக்கு மல்லிகையும் சிவப்புக்கு அரளியும் வைப்பார். மல்லிகை வாசம் காகிதத்துக்குள் அடங்குமா? கும்பிடுவதுபோல் நன்றாகக் குனிந்தால் போதும்.

"வெள்ள வந்தா பிரேசிலு" என்பார். வெள்ளை வரும். மாமா முகம் மலர்ந்துவிடும். அதைப் பார்க்கத்தான் நான் குனிந்தேன். பிரேசிலும் ஜெயித்தது. அவர்கள் நன்றாக ஆடியதால் ஜெயித்தார்கள் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மற்ற நாடுகளின்மேல் கட்டிப் பணம் விட்டதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

பிரேசிலும் ஹாலந்தும் மோதிய அன்று, பள்ளி விட்டதும் என்னை நேராகக் கோயிலுக்கு அழைத்துப் போனார். சட்டைப் பையில் ஆட்டோவின் ஆர்சி புத்தகம் இருந்தது. பூக்களை மடித்துப் போட்டுவிட்டு வாய்விட்டுச் சொன்னார்.

"புள்ளையாரே, வெள்ள வந்தா வண்டிய வச்சி வுட்டதெல்லாம் புடிச்சிடறேன். செவப்பு வந்தா இத்தோட வுட்டுடறேன்."

குனிந்தேன், எடுத்தேன், கொடுத்தேன். மல்லிகை. மாமா முகம் மலரவில்லை. பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா பாத்து எடுத்தியா பாப்பா?"

"ஆமா மாமா."

அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். இரண்டையும் மறுபடி மடித்து, உள்ளங்கைகளில் குலுக்கிப் போட்டார். "இன்னொரு வாட்டி எடு. அவசரப்படாம எடு." என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்து, நிதானமாகவே குனிந்தேன். மறுபடியும் மல்லிகைதான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

பிரேசில் தோற்றது. மறுநாள் காலையில் ஆட்டோவை ரீசார்ஜ் கடைக்காரர் ஓட்டிக்கொண்டு போனார். மாமா திருப்பூருக்கு வேலைக்குப் போனார். வயிற்றில் பிள்ளையோடு இருந்த அத்தை அந்த வருடம் கூலிக்கு நாற்று நட இறங்கினாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிள்ளையார் மேல் கோபம் கோபமாக வந்தது. என்மேல் எனக்குக் குறையே இல்லை. மாமாவுக்குப் பிடித்ததை இரண்டு தடவையும் தவறாமல் எடுத்துக் கொடுத்தவளாயிற்றே.

அன்று அவர் சிவப்பைத் தேடித்தான் வந்திருந்தார் என்பது ஒன்பது வயதில் எனக்கு எட்டவில்லை.