கப்பலேறிப் போய்ப் பந்தடித்தவர்

புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் கிடங்கில் ஓர் எகிப்துக்காரர் இருக்கிறார். ஐம்பது வயது, நல்ல வண்டி வயிறு, பெட்டி தூக்கும்போதும் வாய் ஓயாத மனிதர். அவருடைய தாத்தாவின் தமையன் அந்தக் காலத்திலேயே கெய்ரோவிலிருந்து கப்பலேறிப் போய் இங்கிலாந்தில் பந்தடித்தவராம். அப்படி வெளிநாடு போய் ஆடிய முதல் எகிப்தியர்களில் ஒருவர். படிக்கத்தான் போனார், புத்தகத்தைத் திறந்ததாகத் தகவல் இல்லை. முதல் ஆட்டத்திலேயே சேறு ஒரு சப்பாத்தை விழுங்கிவிட, வெறுங்காலால் அவர் அடித்த பந்து கோல் காத்த கோலியையும் இழுத்துக்கொண்டு வலைக்குள் போனதாம். சாப்பாட்டு நேரத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து இதையெல்லாம் சொல்லுவார். நான் சாப்பிட மறந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்கு அக்கரையில் லொங்கேயில் உள்ள ஒரு பூங்காவில் நாங்கள் பந்தடிப்போம். ஒருமுறை எங்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. பந்தடிக்கிற பரம்பரையில் ஒருவர் இருக்கிறார் என்று எங்கள் கப்டன் அண்ணையிடம் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அண்ணை அதை எதிரணியிடம் சொன்னபோது, வெளிநாட்டில் ஆடிய எகிப்து வீரர் ஒருவர் வருகிறார் என்று ஆகிவிட்டது.

எதிரணி, தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த இளைஞர்கள். எகிப்துக்காரர் வந்து இறங்கியதும் அவருடைய வண்டி வயிற்றைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். அவர்களோ அதை அனுபவத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, அவரை மறிக்க மூன்று பேரை நிறுத்தினார்கள்.

அவருக்கு ஓட வராது. மைதானத்தின் நடுவில் நின்றார். சுற்றி மூன்று பேர் நிற்பதைக் கண்டதும் தாத்தாவின் தமையன் கதையைத் தொடங்கிவிட்டார். பந்து அவர்களைத் தாண்டிப் போனது, வந்தது, மறுபடி போனது. ஒருவரும் திரும்பவில்லை. நாங்கள் இரண்டு கோல் போட்டோம். அவர்களுடைய கோலி கத்தியபோது, மூவரில் ஒருவன் திரும்பாமலே கையைக் காட்டினான்.

"இருடா, தாத்தா இப்பதான் கப்பல்ல இருந்து இறங்கியிருக்காரு."

ஆட்டம் முடிந்ததும் அவர்கள் எங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தார்கள்: அடுத்த ஞாயிறு அவர் தங்கள் பக்கம் ஆட வேண்டும். அண்ணைக்கு மனமில்லை. ஆனால் எகிப்துக்காரர் உடனே ஒப்புக்கொண்டுவிட்டார். அவரை யாரும் எந்த அணியிலும் அப்படிக் கேட்டதில்லையாம்.

அடுத்த வாரம் அவரை மறிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. எல்லாம் கேட்ட கதைதானே என்று தைரியமாகப் போய் நின்றேன். அவரோ கிடங்கில் ஒருநாளும் சொல்லாத ஒரு பெனால்ட்டியை எடுத்தார். இறுதி ஆட்டம், கொட்டும் மழை, எகிப்துக்குத் திரும்பும் கப்பல் துறைமுகத்தில் ஊதிக்கொண்டிருக்கிறது. என் காலடியால் பந்து போனது. பிறகு இன்னொன்று.

அண்ணை ஓடி வந்தார். "உனக்கென்ன விசரே? ஏன் பந்தை விட்டனி?"

"பெனால்ட்டி, அண்ணை."

"எங்கை? ஆர் குடுத்தது?"

"கதையிலை, அண்ணை."

நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றோம். திரும்பும் வழியில் மெட்ரோவின் மஞ்சள் பாதை ரயிலில் அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆற்றுக்கு அடியில் ரயில் போய்க்கொண்டிருந்தபோதுதான் மெல்லக் கேட்டார்.

"அந்தப் பெனால்ட்டி உள்ளுக்குப் போனதோ?"

"போஸ்ட்டிலை பட்டது, அண்ணை."

"ச்சே," என்றார் அண்ணை, உண்மையான கவலையோடு.