பதினாலு புள்ளி ஏழு

போன வாரம் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒருவர் தன் பழைய பெட்ரோல் ஜீப்பைக் கொண்டுவந்து என் பட்டறையில் விட்டுப் போனார். கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆன்லைனில் வாங்கிய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கிட் ஒன்றை அவரே மாட்டியிருந்தார். சுத்தமான வேலை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லையே என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துக் குடுங்கண்ணா, மத்ததெல்லாம் அதுவே கத்துக்கும்" என்றார். செல்போனை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டவைத்தால் எண்கள் அதில் ஓடுகின்றன. திருவந்திபுரம் சாலையில் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். எதிரே சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே கடந்தார். அப்புறம்தான் தெரிந்தது, நான் வாய்விட்டு எண்களைச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன். "பதினாலு எட்டு... பதினாலு ஆறு... பதினாலு ஏழு." பக்கத்து இருக்கையில் என் சாப்பாட்டுப் பை மட்டும்தான் இருந்தது.

அந்த எண் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள். ஒரு பங்கு பெட்ரோல் ஒழுங்காக எரிய பதினாலு புள்ளி ஏழு பங்கு காற்று வேண்டும். எண் ஏறினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, பட்டினி. இறங்கினால் தின்று தீர்க்கிறது, கரும்புகை. எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று ஒரு கட்டம் போட்ட பட்டியல் உண்டு. அதற்கு மேப் என்று பெயர். நான் இந்த வேலையைத் தொடங்கிய நாளில் அது தானாகக் கற்றுக்கொள்ளாது. ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எண்ணை உரக்கப் படிக்க வேண்டும். ஓட்டுகிறவர் அதைக் கேட்டு ஆக்சிலேட்டரை மிதிப்பார், விடுவார். தனியாளாகச் செய்யவே முடியாத வேலை. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

அப்போது நான் கடலூரில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் எலக்ட்ரிக்கல் ஆள். அப்பாவும் அம்மாவும் அக்காவோடு பெங்களூருக்குப் போய்விட்டார்கள். மஞ்சக்குப்பத்தில் மாடி அறை ஒன்றில் நான் மட்டும். வேலை நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்று வருமே, அதுதான் என்னை வதைக்கும். காலையில் மெஸ்காரரிடம் "ரெண்டு இட்லி" என்று சொன்னால், அடுத்த வார்த்தை திங்கட்கிழமைதான். சில ஞாயிறுகளில் பேசிப் பார்க்கவே பெட்டிக்கடைக்குப் போய்த் தேவையில்லாத ஷாம்பு பாக்கெட் வாங்கியிருக்கிறேன். தலையில் முடி இருந்த காலம் என்பதால் வீணாகவில்லை.

அந்த வருஷம்தான் சாகுல் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தான். பரங்கிப்பேட்டைக்காரன், ஐடிஐயில் என்னோடு ஒரே பெஞ்சு. அங்கே ஒரு கராஜில் மெக்கானிக். அவன் பெட்டியில் குழந்தைகளின் கவுன்களுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்ததுதான் அந்த கிட். அத்தர் பாட்டில் ஒன்று உடைந்து அதன்மேல் ஊற்றியிருந்தது. இன்ஜெக்டரைக் கையில் எடுத்தால் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி மணக்கும். இன்றைக்கும் எங்காவது அத்தர் வாசனை அடித்தால் எனக்கு அந்த ஒயர்க் கட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஜீப் அவன் வாப்பாவுடையது. இறால் பண்ணைக்கும் கடற்கரைக்கும் மணலில் ஓட்டிக்கொண்டிருந்தவர், இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கார்புரேட்டர் வண்டி மணல்மேட்டில் சாய்ந்து ஏறும்போது உள்ளே பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அணைந்துவிடும். இன்ஜெக்‌ஷனுக்கு அந்தத் தொல்லை இல்லை. பாலைவனத்தில் பழைய ஜீப்புகளையெல்லாம் இப்படி மாற்றி ஓட்டுகிறார்கள், ஏற்காடு, கல்வராயன் மலைப்பக்கம் இன்னும் எத்தனை பெட்ரோல் ஜீப் இருக்கிறது தெரியுமா என்பான். முதல் நாளே சொல்லிவிட்டான்.

"இந்த வண்டி எங்கயும் நிக்காம சிதம்பரம் போயிட்டு வந்துச்சுன்னா நான் திரும்பிப் போகல மச்சான். நீயும் நானும் கடலூர்ல கட போட்டுர்றோம். நிக்குதுன்னா, கராஜ்ல கேக்குற ரெண்டு வருஷத்துக்கு கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. கடைக்குப் பெயர்கூட யோசித்துவிட்டேன். பெயர் இங்கே வேண்டாம், சிரிப்பீர்கள்.

சைலன்சர் குழாயைக் கழற்றி, புகையில் மிச்சமிருக்கும் காற்றை அளக்கும் சென்சாருக்கு ஓட்டை போட்டு வெல்டு வைத்து, திரும்ப மாட்டியது நான். ஜீப் முதல் சாவியிலேயே கிளம்பியது. நெடுஞ்சாலையில் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கூட்டத்தில் மெதுவாகப் போனாலோ ரயில்வே கேட்டில் நின்றாலோ தள்ளாடி அணைந்துவிடும். தினமும் மூன்று மணிக்கு நான் பர்மிஷன் போட்டுவிட்டு வருவேன். கடலூர் முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று சிதம்பரம் சாலையில் போவோம். மெதுவாகப் போகும்போது லேப்டாப் பதினாறு, பதினேழு என்று காட்டும். பட்டினி என்று நான் மேப்பில் பெட்ரோலை ஏற்றுவேன். அணைவது இன்னும் அதிகமாகும்.

"மச்சான், பெட்ரோல் வாசன ஜாஸ்தியா அடிக்குது" என்றான் சாகுல்.

"அது கம்பெனி வாசனடா." முதுநகர் தாண்டித் தொழிற்சாலைகள் இருக்கும் இடத்தில் போய்க்கொண்டிருந்தோம்.

"நேத்து எங்க வீட்டு வாசல்ல நின்னப்பவும் அடிச்சிச்சே. பரங்கிப்பேட்டைலயும் கம்பெனி தொறந்துட்டாங்களா?"

நான் திரையைக் காட்டினேன். அவன் மூக்கைவிட எனக்குத் திரைமேல்தான் நம்பிக்கை. படித்த திமிர்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் ஜும்ஆவுக்குப் போயிருந்தான். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்த நான் அவன் வீட்டுக் கொல்லையில் ஜீப்பை ஸ்டார்ட் செய்துவிட்டு சும்மா குந்தியிருந்தேன். எஞ்சினுக்குப் பக்கத்தில், சைலன்சர் குழாய் சேரும் இடத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம். குழாயின் பின்வாயை ஈரத் துணியால் அடைத்தேன். அந்த இணைப்பில் சீறியது. குனிந்து பார்த்தால் ஓரத்தில் கறுப்பாகப் புகைக் கறை. எல்லாம் விளங்கிவிட்டது. மெதுவாக ஓடும்போது அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் போதவில்லை என்று பொய் சொல்கிறது. நான் அதை நம்பி, ஏற்கனவே மூச்சு முட்டிக் கிடக்கும் எஞ்சினுக்கு மேலும் மேலும் ஊற்றியிருக்கிறேன். சாகுல் மூக்கு சொன்னதுதான் சரி. இணைப்பில் இடுக்கை அடைக்கும் பேக்கிங் கடலூரில் ரெடிமேடாகக் கிடைக்கவில்லை என்று பழையதையே திருப்பிப் போட்டவனும் நான்தான்.

ஷீட்டில் புது பேக்கிங் ஒன்று வெட்டி மாட்ட அரைமணி நேரம் போதும். நான் கையிலிருந்த துணியால் அந்தக் கறையைத் துடைத்தேன். சாகுல் தொழுகை முடிந்து வந்தபோது, "இன்னும் மேப்புல கொஞ்சம் பாக்கணும்டா" என்று சொன்னேன்.

ஏன் என்று கேட்பீர்கள். என் தப்பு வெளியே தெரியக்கூடாது என்ற வெட்கம் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் அந்த மூன்று மணிதான். வண்டி சரியாகிவிட்டால் நாளைக்கு மூன்று மணிக்கு என்ன செய்வது? கடை போடுவோம், அது தெரியும். ஆனால் கடை என்பது வேலை, கஸ்டமர், பொறுப்பு. இது அப்படியில்லை. அவன் உம்மா கொடுத்தனுப்பும் பொரித்த மீனை மடியில் லேப்டாப்போடு வைத்துக்கொண்டு, எண் படித்துக்கொண்டு, அவன் அதற்குத் தாளம் போட்டுக்கொண்டு. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பேசியதே இல்லை. லீவு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே, ஒரு ஐந்து நாள் கழித்துச் சரிசெய்தால் என்ன குறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

நாலாவது நாள் சிதம்பரம் கீழவீதியில் கூட்டத்துக்கு நடுவே ஜீப் நின்றது. கிளம்பவே இல்லை. பின்னால் பஸ் ஹார்ன். பூக்கார அம்மா ஒருத்தி, "ஓரமாத் தள்ளுங்கப்பா, சாமி தேரு நிக்கிற மாதிரி நிக்கிறீங்களே" என்றாள். நாலு பேர் தள்ளினார்கள். பிளக்கைத் துடைத்துப் போட்டு ஒருவழியாகக் கிளப்பித் திரும்பினோம். நான் எண் படித்தேன். அவன் கேட்டதாகத் தெரியவில்லை. இன்றிரவே மாட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

பரங்கிப்பேட்டைக்குத் திரும்பும் பி.முட்லூர் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"மேனேஜர் இன்னைக்குள்ள சொல்லச் சொன்னாரு மச்சான். வரேன்னு வாக்கு குடுத்துட்டேன். நம்ம கைக்கு இது வராது போல. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத, நீ எவ்வளவோ பாத்துட்ட."

நான் எவ்வளவோ பார்த்துவிட்டேனாம். அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பேக்கிங்கை மாற்றி, மேப்பைப் பழையபடி இறக்கினேன். சிதம்பரம் போய்த் திரும்பினோம், நாலு வீதியையும் சுற்றினோம், எங்கும் நிற்கவில்லை. பதினாலு ஏழு, பதினாலு ஏழு என்று படித்துக்கொண்டே வந்தேன். சாகுல் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர். "வாப்பா இருந்திருக்கணும்" என்றான். அப்புறம், "என்னா மச்சான் பண்ண? நேத்தே இது வந்திருக்கக் கூடாதா" என்றான்.

"மேப்புல ஒரு கட்டம் தப்பா இருந்துச்சுடா."

அவன் போய்விட்டான். போன புதிதில் வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து கூப்பிடுவான். எதை எதையோ பேசிவிட்டுக் கடைசியில், "உண்மையாவே மேப்புதானா மச்சான்? எனக்கு என்னமோ வேற ஏதோன்னு படுது" என்பான். அவன் மூக்கு அப்படி. "மேப்புதான்டா" என்பேன். வெள்ளிக்கிழமைகள் மாதத்துக்கு ஒன்றாயின, பிறகு பெருநாளுக்கு ஒன்றாயின. மனைவி பிள்ளைகளை அங்கே அழைத்துக்கொண்டான், உம்மாவும் காலமானார், வீடு பூட்டிக் கிடக்கிறது. ஜீப்பை அவன் அண்ணன் யாருக்கோ விற்றுவிட்டார். நாங்கள் போன சாலையே இப்போது இல்லை. நாலுவழி ஆக்கிவிட்டார்கள், புளியமரங்களெல்லாம் போய்விட்டன.

இந்தப் பெருநாளுக்கு நான்தான் கூப்பிட்டேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, பெட்ரோல் வாசனையிலிருந்து தொடங்கிவிட வேண்டும் என்று மனப்பாடமே செய்து வைத்திருந்தேன். "உங்க வாப்பா ஜீப்பப் பத்தி ஒண்ணு சொல்லணும்டா" என்றேன்.

"அது எந்தக் காலத்துக் கத மச்சான்! நல்லவேள அன்னைக்கு அது நின்னுச்சு. இல்லன்னா நான் இங்க திரும்பி வந்திருப்பனா, புள்ளைங்க இந்த ஸ்கூல்ல படிச்சிருக்குமா?" என்று சிரித்தான். நன்றாக, நிறைவாகச் சிரித்தான். பிறகு, "என்னமோ சொல்ல வந்தியே?" என்றான்.

"ஒண்ணுமில்லடா, பிரியாணி சாப்டியான்னு கேக்க வந்தேன்" என்றேன்.