அல்பேர்ட்டனில் நின்ற படகு

நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பீர்கள், அந்தப் பார்வை எனக்குப் பழகிவிட்டது. ரயில் பாதையில் சிக்னல் திருத்துகிற வேலை எனக்கு. விளக்கு அணைந்தால் எங்கேயோ ஒரு வயர் விட்டிருக்கிறது, அவ்வளவுதான், அதற்கு மேல் காரணம் தேடுகிற ஆள் நான் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவி மலர் செத்துப்போனாள். சின்ன ஆபரேஷன், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுவதாக இருந்தது, நான் ஷிப்டில் நின்ற நேரம் இரத்தம் கட்டி உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் அதே பஸ் பிடித்து அதே வேலைக்குப் போனேன், வந்து சோறு போட்டுச் சாப்பிட்டேன், படுத்தேன். அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று சனம் கதைத்திருக்கும், கதைக்கட்டும். ஒன்று மட்டும்தான் என்னை அரித்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்பதுதான் அது.

ஊரென்றால், யாழ்ப்பாணத்தில், சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்திருப்போம். அப்போது அங்கே சண்டை, போக வழியில்லை. மலரின் தம்பி குகன்தான் ஒரு யோசனை சொன்னான். லண்டன் கால்வாய்களில் ஓடுகிற ஒடுக்கமான நீட்டு இரும்புப் படகு ஒன்றை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாம், நாமே ஓட்டலாம், அந்தத் தண்ணீரும் எப்படியும் தேம்ஸில் விழுந்து கடலுக்குத்தானே போகும் என்றான். கால்வாய்த் தண்ணீர் ஓடாது, தேங்கித்தான் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். வாதாடத் தெம்பில்லாமல் சரி என்றேன்.

பாடிங்டனில் காலையில் ஏறினோம், நாங்கள் இரண்டு பேரும்தான். தூறல் மழை. குகன் பின்னால் நின்று சுக்கானைப் பிடித்தான், நான் சாம்பல் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கரையில் நாயோடு நடந்து போன கிழவர்கூட எங்களை முந்திக்கொண்டு போனார், அவ்வளவு வேகம். அல்பேர்ட்டன் தாண்டி பற்றைச் செடிகள் மண்டி ஆளில்லாத ஒரு கரை வந்தது. தேவாரம் படித்தோம், நான் சாம்பலைக் கரைத்தேன், பூப் போட்டேன். பாண் துண்டு என்று நினைத்து வாத்துகள் ஓடி வந்தன. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படகு நகரத் தொடங்கியபோது வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது:

"மலர், போட்டு வாறன்."

குகனின் முகம் கறுத்துவிட்டது. "என்ன அத்தான் சொன்னியள்? இந்த இடத்திலை வாறன் எண்டு சொல்லலாமே? சொல்லாமல் எல்லே வரவேணும்!"

எங்கள் ஆட்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போறன்' என்று சொல்ல மாட்டோம், 'போட்டு வாறன்' என்போம். செத்த வீட்டிலும் சுடலையிலும் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட வேண்டும், சொன்னால் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்தது போலாகிவிடும். இருபது வருடப் பழக்கம், நாக்குப் புரண்டுவிட்டது, அதற்கு என்ன செய்ய?

ஆனால் திரும்பி வரத்தான் வேண்டும், அதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அந்த நீளப் படகை நினைத்த இடத்தில் திருப்ப ஏலாது. மேலே அகலமான ஓரிடத்தில் திருப்பிக்கொண்டு, வந்த வழியாலேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பின்னேரம் அந்தப் பற்றைக்கரைக்கு வந்தோம். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, படகு நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, பின்னால் தண்ணீர் நுரைக்கிறது, படகு மட்டும் அசையவில்லை. தரை தட்டியிருக்கும் என்று நீளக் கம்பை விட்டுப் பார்த்தேன், நல்ல ஆழம். முன்னால், பக்கத்தில், எங்கே குத்தினாலும் ஒன்றும் தட்டுப்படவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, குகன் பின்தளத்து மூடியைத் திறந்து குப்புறப் படுத்து, அந்த ஓட்டைக்குள் தலையை விட்டு, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் இறக்கி, படகைத் தள்ளுகிற காற்றாடியைத் தடவினான். பிளாஸ்டிக் பை, கயிறு, ஒன்றும் சிக்கியிருக்கவில்லை.

தலையைத் தூக்காமலே சொன்னான்: "அத்தான், அக்கா உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. போறன் எண்டு சொல்லிவிடுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது, அத்தனை நாளில் முதல்தடவை ஏதோ ஒன்று வந்தது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. மலரிடம் அந்தச் சொல்லை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லத்தான் பார்த்தேன், பல்லுப் பிடுங்க ஊசி போட்டது போல வாய் முழுக்க விறைத்துக் கிடந்தது. பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மழை விட்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் குகன் எழும்பினான், மூடியைப் போட்டான், எஞ்சினை இயக்கினான். படகு நகர்ந்தது. ஒன்றுமே நடக்காதது போலப் போனது.

பாடிங்டன் போய்ச் சேர்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவன் என் கையைப் பிடித்தான். "நல்ல காரியம் செய்தியள், அத்தான். எவ்வளவு மெதுவாச் சொன்னாலும் எனக்குக் கேட்டது. போறன் எண்டு."

நான் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவனிடம் அதைச் சொல்லவும் இல்லை. லண்டனிலேயே சட்டன் பக்கம் இருக்கிறான், இப்போதும் நான்தான் சொன்னேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

அந்தக் குரல் யாருடையது என்று நீங்கள் கேட்பீர்கள். அதுகூட என்னை அவ்வளவு வருத்தவில்லை. அவன் தலை ஓட்டைக்குள் இருந்தது, அவனுக்குக் கேட்டிருக்கிறது. நான் தண்ணீருக்குப் பக்கத்தில், காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். எனக்குக் கேட்கவில்லை.