பக்கத்துக் கட்டில் காலி

சித்தப்பாவுக்கு இப்போது தினமும் டயாலிசிஸாம். அத்தை மகள் சொன்னாள். அவளுக்கு யாரோ சொன்னார்களாம். கடல் தாண்டி இருப்பவனுக்கு இது போதாதா? பதறியடித்துச் சித்திக்குப் போன் போட்டேன்.

"அட போடா! மிஷின் வாரத்துக்கு மூணு நாள்தான். மத்த நாள்லயும் அங்கேயே அரட்டையடிக்கப் போறார். வீட்ல இருந்தா என் கழுத்தை அறுப்பார், போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன்."

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், ஸ்பேனரை எடுக்குமுன் கதவிடுக்கில் வாயை வைத்துப் பேச்சுக் கொடுப்பார். 'பயப்படாதீங்க' என்று மட்டும் சொல்லமாட்டார். அதைக் கேட்டால்தான் பயமே வருமாம். வீட்டில் என்ன சமையல், மருமகன் எப்படி என்று ஊர்க்கதைதான். சிறுநீரகம் கைவிட்ட பிறகு அதே வேலையை வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்: 'உடம்பு எப்படி இருக்கு' என்று கேட்பவர் தன் பங்கு ஐஸ்கட்டியைப் பறிகொடுக்க வேண்டும். தண்ணீரை அளந்து குடிக்கிறவர்களுக்கு ஐஸ்கட்டி லேசுப்பட்ட சொத்தா என்ன?

மறுநாள் சித்தப்பா மிஷினில் இருந்தபோது வீடியோவில் பிடித்தேன்.

"சித்தப்பா, உடம்பு எப்படி..."

"மாட்டினான்டா!" என்றார் எதிர்க் கட்டில் டீச்சரம்மா. "ஐஸ்கட்டியை பார்சல் அனுப்பச் சொல்லுங்க!"

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. பேக்கரிக்காரருடையது, புதியவர். 'இப்படிக் குழாயோட வாழணுமா' என்று போன முறையே வரவில்லை. இன்றும் வராவிட்டால் உயிருக்கே ஆபத்து. மனைவி அழுதும் கேட்கவில்லையாம். சித்தப்பாவே போன் போடப்போகிறாராம்.

"அறிவுரை சொல்லப் போறீங்களா?" என்றேன்.

"சேச்சே! உன் கடை ரஸ்க் செங்கல் மாதிரி இருக்குன்னு சொல்லப்போறேன். சண்டை போடவாவது வருவான்ல? நானும் ஆரம்பத்துல வரமாட்டேன்னு அடம்பிடிச்சவன்தான். டீச்சரம்மா போன்ல வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க."

"வாங்கலைன்னா வந்திருப்பீங்களாக்கும்!" என்றார் டீச்சரம்மா.

சித்தப்பாவின் நம்பரைப் பார்த்தால் பேக்கரிக்காரர் எடுப்பதில்லை. அதனால் நர்ஸ் தன் போனில் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, சித்தப்பாவின் ஊசி குத்தாத கையில் கொடுத்தார். வார்டே காதைத் தீட்டிக்கொண்டது. என் திரையில் சித்தப்பாவின் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"எடுறா ரஸ்க்கு," என்றார், கிசுகிசுப்பாக.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.