அண்ணனுக்கு நான் பேசி முடித்த பெண்

அண்ணனுக்கு முடியாமல் தம்பிக்குக் கல்யாணம் செய்ய எங்கள் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். எனக்குக் கழுகுமலையில் ஒருத்தியைப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னை. அவளுடைய அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணனைத் தள்ளிவிட்டால் அடுத்தது நான்தானே என்று, அந்த அக்காவையே அவனுக்கு அலைந்து திரிந்து பேசி முடித்தேன்.

மறுவீட்டு விருந்தில் அப்பா, மதினியின் அப்பாவிடம் இளையவளை எனக்குக் கேட்டார்.

"ஒரே வீட்டுக்கு ரெண்டு பொண்ணு குடுக்கது எங்க வழக்கத்துல இல்ல, அண்ணாச்சி," என்றார் அவர். பிறகு உள்ளே பார்த்து, "தம்பிக்கு ரசம் ஊத்துங்க."

ஊற்றினார்கள். சாப்பிட்டேன்.

அவளைக் கயத்தாற்றில் கொடுத்தார்கள். பொங்கலுக்கு அக்காவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவாள். "ஏலே, சித்தப்பாகிட்ட இரு," என்று மகனை என் மடியில் உட்கார வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். முறை சரிதான்.