சவர்க்காரத் தண்ணீரில் ஓடிய கார்

எழுபதுகளில் நாங்கள் சில ஆசிரியைகள் சரவணைக் கிராமத்திலிருந்து ஒரு வாடகைக் காரில் பாடசாலைக்குப் போய்வந்தோம். பிரேக் எண்ணெய் விலை கூட என்று சாரதி அதற்குப் பதிலாகச் சவர்க்காரம் (சோப்பு) கரைத்த தண்ணீரை ஊற்றி ஓட்டினார்.

ஒருநாள் காலை, குறுகலான ஒழுங்கையிலிருந்து மீன்காரர் ஒருவர் சைக்கிளில் தெருவுக்கு வந்தார். சாரதி பிரேக்கை மிதித்தும் கார் நிற்கவில்லை. வேலிப் பக்கம் வெட்டித் திருப்பினார். அப்படியும் சைக்கிளில் மோதிவிட்டது. மீன்காரரின் கால் முறிந்தது.

ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக அவரைத் தூக்கினோம்.

“இந்தக் காரிலேயோ, அண்ணை?” என்று மீன்காரர் சாரதியிடம் பதறினார்.

“வேற கார் இல்லை. மெல்லமாப் போவம்.”

“ஏலாது. மாட்டுவண்டில் பிடியுங்கோ.”

வண்டில் வரும்வரை வேலியோரம் முனகியபடி கிடந்தார். நாங்களும் காரில் ஏறாமல் பாடசாலைக்கு நடந்தோம். அவருடைய கால் நேராகப் பொருந்தவேயில்லை.