பின்கதவு சாத்திய வீட்டில் புகை

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

கடலூரை அடுத்த எங்கள் தெருவில், வீட்டிற்கு நேர் கிழக்கே ஒரு காலி மனை இருக்கிறது. அந்தி வேளையில் அங்கே யாரேனும் குப்பையைக் கொளுத்துவர். கடற்காற்று அப்புகையை எங்கள் வாசலுக்குக் கொண்டுவரும். என் மனைவிக்கு இழுப்பு நோய். புகை ஆகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். சிதம்பரத்தில் வசிக்கும் மகள், தாயைத் தன்னிடம் அனுப்பிவிடச் சொன்னாள். இவளுக்கோ வீட்டை விட்டுப் போக மனமில்லை. முடிவெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

வயரிங் தொழிலை விட்ட பின், காற்றும் நீரும் ஓடும் விதத்தைக் கணக்கிட்டுப் படமாகக் காட்டும் மென்பொருள் ஒன்றைக் காணொளிகள் பார்த்துக் கற்றிருந்தேன். ஆகவே வீட்டை டேப் வைத்து அளந்து வரைந்து, உள்ளிருக்கும் காற்றை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எத்திசையில், எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதைக் கணினி கண்டறிய வேண்டும். என் மடிக்கணினி அச்சுமையைத் தாங்காமல் நின்றுவிட்டது. எனவே இணையத்தின் வழியே மும்பையில் உள்ள பெரிய கணினி ஒன்றை வாடகைக்கு அமர்த்தினேன். அதை நான் கண்ணால் கண்டதில்லை. நான் கட்டளை எழுதினால் அது கணக்குப் போடும். பிழையின் அளவைக் காட்டும் கோடு, விடை நெருங்க நெருங்கச் சிறிது சிறிதாகத் தாழும். மதியம் முழுவதும் அக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் நினைத்ததாக நினைவில்லை.

முடிவு நல்லதாகவே வந்தது. புகை வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, பின்கதவு வழியே வெளியேறியது. மகளைத் தொலைபேசியில் அழைத்து, "அம்மா இங்கியே இருக்கலாம்மா. பொகை தங்கல" என்றேன்.

கட்டிலில் இருந்த மனைவி படத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏன் மாமா, வெளக்கு வெக்கிற நேரத்துல பின்கதவ எவ தொறந்து போடுவா? முன்னால வர்ற லட்சுமி பின்னால ஓடவா?"

அந்தி விளக்கேற்றுமுன் பின்கதவைச் சாத்தி, வாசற்கதவை அகலத் திறப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மணமான நாள் முதல் அவள் அதில் தவறியதில்லை. நாள்தோறும் கண்டும் நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

படத்தில் பின்கதவை அடைத்து, கணக்கை மறுபடி ஓட்டினேன். நுழைந்த புகை போக வழியின்றிக் கூடத்திலேயே சுழன்றது. கட்டில் கிடந்த மூலை, புகை மிகுதியைக் காட்டும் சிவப்பில் இருந்தது.

"அந்த நேரத்துக்கு மட்டும் வாசக்கதவ சாத்திடலாமே" என்றேன்.

"நான் இருக்கிற ஊட்டுல, அந்தி நேரத்துல வாசல அடைக்கிறதா? அதுக்கு நான் சிதம்பரமே போறேன். அங்க மூணாவது மாடி. பொகையும் ஏறாது. லட்சுமிக்குத்தான் மூச்சு வாங்கும்."

சிரிக்கப் போய் இருமினாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. மகளை மீண்டும் அழைத்து, வருகிறோம் என்றேன். பின்பு வாடகைக் கணினியை நிறுத்தினேன்.

மறுநாள் பேருந்தில் அழைத்துச் சென்றேன். சிதம்பரம் பேருந்து நிலையத்தில் மகள் ஆட்டோவுடன் நின்றிருந்தாள். ஏறும்போது மனைவி, "நேரத்துக்குச் சாப்புடுங்க மாமா. அந்தப் பொட்டி சோறு ஆக்கிப் போடாது" என்றாள். சரி என்றேன். ஆட்டோ கூட்டத்தில் மறைந்த பிறகும் சிறிது நேரம் அங்கேயே நின்றேன், காரணம் ஒன்றுமில்லை.

மருமகன் வீட்டில் நெடுநாள் தங்குவது முறையன்று என்பதால் நான் கடலூரிலேயே இருக்கிறேன். அவளுக்கு இழுப்பு குறைந்திருக்கிறது. தொலைபேசியில் இப்பொழுது இடைவிடாமல் பேசுகிறாள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவுதான் நடந்தது. வேறு யாரிடமும் சொல்லாத இதைத் தாங்கள் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.